உங்கள் எம்.எல்.ஏ.வின் பச்சைக் கணக்கை எழுதுவது எப்படி?

எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஃபிளெக்ஸ் கட்டினார்கள். எம்.எல்.ஏ. கையில் வேப்பங்கன்று, பின்னால் ஐம்பது அறுபது தலைகள், மேலே 'பசுமைக் காவலர்' என்று கொட்டை எழுத்து. அன்று நட்டதில் மூன்று கன்றுகள் இன்னும் இருக்கின்றன. அதில் ஒன்று, டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவிய தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பிழைத்தது. ஃபிளெக்ஸ் கெட்டி. இப்போது அது ஓர் ஆட்டுக் கொட்டகைக்குக் கூரை.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் அண்ணன் மகன் ஒருநாள் போனில் கேட்டான்: "சித்தப்பா, நம்ம எம்.எல்.ஏ. சுற்றுச்சூழலுக்கு ஏதாச்சும் செஞ்சிருக்காரா இல்லையா? ஒரே வரியில சொல்லுங்க." எனக்கு ஒரு வரிகூட வரவில்லை. மேலூர்ப் பக்கம் முப்பத்தோரு வருடம் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவன் நான். எந்தப் புலத்தில் எத்தனை சென்ட் ஓடைப் புறம்போக்கு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஓட்டுப் போட்ட ஆளின் கணக்கு கையில் இல்லை. அன்றைக்கே ஒரு நீள நோட்டு வாங்கினேன். அதை எப்படி நிரப்பினேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் தொகுதிக்கும் இது பொருந்தும்.

முதலில் நோட்டில் கோடு போடுங்கள். நான்கு பத்தி: சொன்ன தேதி, ஆணை வந்த தேதி, பணம் செலவான தேதி, நீங்கள் கண்ணால் பார்த்த தேதி. 'நல்லவர்', 'கெட்டவர்' என்று எழுத இடமே வைக்காதீர்கள். பெரும்பாலான வரிகளில் முதல் பத்தி மட்டும் நிரம்பியிருக்கும், மற்ற மூன்றும் காலியாகக் கிடக்கும். பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும். பழகிக்கொள்ளுங்கள்.

எல்லோரும் முதலில் போவது சட்டமன்றத்துக்கு. போங்கள், ஆனால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். அமெரிக்கச் செய்திகளில் படித்திருப்பீர்கள், எந்த மசோதாவுக்கு எந்த உறுப்பினர் ஆதரவு, யார் எதிர்ப்பு என்று பெயர்ப்பட்டியலே இருக்கும். நம் பேரவையில் பெரும்பாலும் குரல் வாக்கெடுப்புதான். 'ஆம் என்போர்', 'இல்லை என்போர்' சத்தத்தில் உங்கள் ஆளின் குரல் எது என்று பிரித்தெடுக்க வழியில்லை. எப்படி வாக்களிப்பது என்று கட்சிக் கொறடா சொன்ன பிறகு 234 பேரில் யாரும் தனியாக எழுந்து நிற்கப் போவதும் இல்லை. அதனால் வாக்கைத் தேடாதீர்கள், வினாவைத் தேடுங்கள். பேரவையின் இணையதளத்தில் நடவடிக்கைக் குறிப்புகள் இருக்கின்றன. அதில் உங்கள் எம்.எல்.ஏ. பெயரைத் தேடுங்கள். வினா நேரம், நேரமில்லா நேரம், கவன ஈர்ப்பு, அப்புறம் சுற்றுச்சூழல் துறை மானியக் கோரிக்கை (துறையின் செலவுக்கு அவையிடம் ஒப்புதல் கேட்பது) வந்த நாளில் பேசிய பேச்சு. இந்த நான்கு போதும். அவர் அமைச்சராக இருந்தால் வினா கேட்டிருக்க மாட்டார், என்ன பதில் சொன்னார் என்று பாருங்கள். அமைச்சர் அவையில் கொடுக்கும் வாக்குறுதியைப் பின்தொடர்வதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. அந்தக் குழு ஆய்வுக்கு வரும்போது அலுவலகங்கள் ஓடுவதை உள்ளே இருந்து பார்த்தவன் சொல்கிறேன், அதன் அறிக்கைகளைப் படிக்காமல் விடாதீர்கள்.

எங்கள் ஆள் கேட்ட வினாக்களில் பாதிக்கு மேல் சாலை, பாலம், கல்லூரி. கண்மாய் பற்றி ஒன்று இருந்தது: படகுச் சவாரி விட அரசு முன்வருமா? சரி, அதையும் எழுதிக்கொண்டேன்.

அடுத்தது தகவல் அறியும் உரிமைச் சட்டம். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 'எங்கள் எம்.எல்.ஏ. ஏன் கண்மாயைக் காப்பாற்றவில்லை?' என்று கேட்டால், 'தாங்கள் கோருவது தகவல் என்ற வரையறைக்குள் வராது' என்று இரண்டு வரியில் பதில் வரும். அந்த இரண்டு வரியை நானே எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். ஏன் என்று கேட்கக் கூடாது. என்ன, எவ்வளவு, எப்போது, நகல் கொடு. அவ்வளவுதான். மாவட்ட ஊரக வளர்ச்சி முகமைக்கு நான் அனுப்பிய மனுவின் நடுப்பகுதி இது. அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

'2021-22 முதல் இன்று வரை எங்கள் தொகுதியில் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியில் எடுக்கப்பட்ட பணிகளின் பட்டியல் — பணியின் பெயர், ஊராட்சி, மதிப்பீட்டுத் தொகை, செலவான தொகை, முடிவுற்ற தேதி ஆகிய விவரங்களுடன். இவற்றில் நீர்நிலை, மரம் வளர்ப்பு, திடக்கழிவு தொடர்பான பணிகளுக்குச் சட்டமன்ற உறுப்பினர் அளித்த பரிந்துரைக் கடிதங்களின் நகல்கள்.'

வட்டாட்சியர் அலுவலகத்துக்குத் தனியாக இன்னொன்று:

'புல எண் இன்னது, கண்மாய் ஆக்கிரமிப்பு தொடர்பாக இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை சட்டமன்ற உறுப்பினரிடமிருந்து வரப்பெற்ற கடிதங்களின் நகல்கள், அவற்றின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைக் குறிப்புகளின் நகல்கள்.'

பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள் (பதிவுத் தபாலை அதோடு சேர்த்துவிட்டார்கள்). இணையம் வழியாகவும் மனுச் செய்யலாம். ஆனால் ஸ்டாம்ப் ஒட்டிய தாளுக்கு அலுவலகத்தில் ஒரு தனி மரியாதை உண்டு. 30 நாள் காத்திருங்கள். பதில் வரவில்லை, அல்லது மழுப்பலாக வந்தது என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். எனக்கு முதல் மேல்முறையீட்டிலேயே பட்டியல் வந்துவிட்டது.

தொகுதி நிதி ஆண்டுக்கு 3 கோடி. பட்டியலை வரிவரியாகப் பார்த்தேன். உயர்கோபுர விளக்கு, பயணியர் நிழற்குடை, நாடக மேடை, பேவர் பிளாக். நீர்நிலை என்று சொல்லத் தக்கது இரண்டு. அதில் ஒன்று ஊரணியைச் சுற்றி நடைபாதை. தூர்வாரவில்லை, வரத்துக்கால்வாயைத் தொடவில்லை. சுற்றி நடப்பதற்கு மட்டும் சிமென்ட் போட்டிருக்கிறார்கள். நாடக மேடை போட்டால் ஊரே கைதட்டும். வரத்துக்கால்வாயைத் திறந்தால் ஆக்கிரமித்த நான்கு குடும்பத்து ஓட்டு போய்விடும். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், மரக்கன்று நட்டதை வைத்து யாரையும் எடை போடாதீர்கள். அதில் அவருக்கு நட்டமே கிடையாது. நட்டம் வரக்கூடிய இடத்தில் என்ன செய்தார் என்று பாருங்கள். ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007லேயே தனிச் சட்டம் போட்டாகிவிட்டது. சட்டம் இல்லை என்று இந்த விஷயத்தில் யாரும் சொல்ல முடியாது.

ஆக்கிரமிப்பு என்று நீங்கள் எழுதும்போது கவனம். அ-பதிவேட்டையும் (எந்தப் புலம் என்ன வகை நிலம் என்று சொல்லும் பதிவேடு) புலப்படத்தையும் அரசின் இணைய சேவையில் பார்த்து, புல எண்ணும் வகைப்பாடும் சரியா என்று உறுதி செய்த பிறகே நோட்டில் ஏற்றுங்கள். ஊரில் 'கண்மாய் இடம்' என்று சொல்வது பல நேரம் பட்டா நிலமாக இருக்கும். அதேபோலத் திருப்பியும் இருக்கும்.

கருத்துக் கேட்புக் கூட்டம் என்று ஒன்று நடக்கும், கேள்விப்பட்டிருப்பீர்கள். பெரிய ஆலை, சுரங்கம், குவாரி வருவதற்கு முன்னால் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்வது. மாவட்ட ஆட்சியர் அல்லது அவர் சார்பில் ஓர் உயர் அதிகாரி தலைமை தாங்குவார். 30 நாளுக்கு முன்னால் நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். கூட்டம் முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். யார் என்ன பேசினார்கள் என்று கூட்டக் குறிப்பு எழுதி வெளியிட வேண்டும். என்னைக் கேட்டால், ஓர் அரசியல்வாதியின் சுற்றுச்சூழல் மனசு வெளியே தெரியும் ஒரே இடம் இந்தக் குறிப்புதான். மேடைப் பேச்சை மறுக்கலாம், பேட்டியைத் திரித்துவிட்டார்கள் எனலாம். அரசாங்கத் தாளில் 'வரவேற்றுப் பேசினார்' என்று பதிந்துவிட்டால் அழிக்க முடியாது.

எங்கள் பக்கம் ஒரு குவாரிக்குக் கூட்டம் நடந்தபோது நான் போயிருந்தேன். முன் வரிசை நாற்காலிகளில் ஊரில் இதுவரை பார்த்தே இராத முகங்கள். எல்லார் கையிலும் ஒரே மாதிரி பிரியாணிப் பொட்டலம். பேசியவர்கள் எல்லாரும் 'வேலைவாய்ப்பு' என்ற ஒரே சொல்லில் தொடங்கினார்கள். எம்.எல்.ஏ. வரவில்லை. அவருடைய பி.ஏ. பின்னால் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். நோட்டில் 'வரவில்லை' என்று எழுதினேன். வராததும் ஒரு தகவல்தான்.

வேட்பு மனுவோடு தரும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். தேர்தல் ஆணையத்தின் தளத்தில் கிடைக்கும். தொழில், வருமான ஆதாரம், அவர் பெயரிலும் மனைவி பெயரிலும் இருக்கும் நிலம், பங்குகள். க்ரஷர், குவாரி, செங்கல் சூளை என்று கண்ணில் பட்டால் குறித்துக்கொள்ளுங்கள். குவாரி வைத்திருப்பது குற்றம் இல்லை. ஆனால் குவாரிக் கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று யோசிக்கும்போது அந்தக் குறிப்பு பக்கத்தில் இருந்தால் நல்லது.

எம்.எல்.ஏ. அளவில் இது போதும். முதலமைச்சர், அமைச்சர் அளவுக்குப் போனால் நோட்டின் முதல் இரண்டு பத்திகள் சூடு பிடிக்கும். பழகுவதற்கு ஒரு சுலபமான கணக்கு: எடப்பாடி பழனிசாமி முதலமைச்சராக இருந்தபோது 2018 ஜூன் 5 அன்று பேரவையில் 110 விதியின் கீழ் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை அறிவித்தார். ஜூன் 25ல் அரசாணை எண் 84 வந்தது. 14 வகைப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. சொன்னதற்கும் ஆணைக்கும் இருபதே நாள். நல்ல வேகம், மறைக்காமல் எழுதுங்கள். ஆட்சி மாறி 2021 டிசம்பர் 23ல் ஸ்டாலின் 'மீண்டும் மஞ்சப்பை' தொடங்கினார். அதையும் எழுதுங்கள். இப்போது நான்காவது பத்திக்கு வாருங்கள். காலையில் பார்சல் டீ வாங்கப் போங்கள். எதில் கட்டித் தருகிறார்கள்? எங்கள் ஊரில் இன்றைக்கும் கவரில்தான், வாயில் ரப்பர் பேண்டு போட்டு. இரண்டு முதலமைச்சர்களின் வரிகளும் ஒரே டீக்கடையில் வந்து நிற்கின்றன.

110 விதி பற்றி ஒரு வார்த்தை. அதன் கீழ் முதலமைச்சரோ அமைச்சரோ படிக்கும் அறிக்கைக்கு விவாதம் கிடையாது, வாக்கெடுப்பு கிடையாது. மறுநாள் பத்திரிகையில் எட்டுப் பத்தித் தலைப்பு மட்டும் உண்டு. எந்தக் கட்சி ஆட்சியானாலும் 110 என்று பார்த்தால் உடனே அரசாணை எண்ணைத் தேடுங்கள்.

இரண்டாவது கணக்கு, டெல்டா. 2020 பிப்ரவரி 9 அன்று சேலம் மாவட்டம் தலைவாசலில் நடந்த விழாவில் பழனிசாமி காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்குவதாக அறிவித்தார். பிப்ரவரி 20ல் சட்டமே நிறைவேறிவிட்டது. பதினொரு நாளில் சட்டம் என்றால் கைதட்டத் தோன்றும். தட்டுங்கள், ஆனால் தட்டிவிட்டு, எந்தெந்தப் பகுதிக்குப் பொருந்தும் என்று சொல்லும் சட்டத்தின் அட்டவணையைப் பிரித்துப் பாருங்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் முழுதாக இருக்கின்றன. கடலூரிலும் புதுக்கோட்டையிலும் சில ஒன்றியங்கள் இருக்கின்றன. திருச்சி, அரியலூர், கரூர் இல்லை. புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்குத் தடை. ஆனால் ஏற்கெனவே நடக்கும் பணிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று ஒரு பிரிவு உள்ளே உட்கார்ந்திருக்கிறது. மூன்று வருடம் கழித்து, 2023 மார்ச் இறுதியில், மத்திய அரசின் நிலக்கரி ஏலப் பட்டியலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு என்று மூன்று பெயர்கள் வந்தன. மைக்கேல்பட்டி அரியலூர் மாவட்டம், சட்டத்தின் வேலிக்கு வெளியே. பேரவையில் எல்லாக் கட்சியும் எதிர்த்தன, சில நாளில் மூன்றையும் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். தலைப்பை மட்டும் படித்தவர்களுக்கு 'டெல்டா காப்பாற்றப்பட்டது' என்ற ஒரு வரி மட்டும் தெரியும். அட்டவணையைப் படித்தவர்களுக்கு எங்கே ஓட்டை என்பது 2020லேயே தெரிந்திருக்கும்.

மூன்றாவது என் வீட்டு வாசல். அரிட்டாபட்டி.

ஏழு மலை, அடிவாரம் முழுக்கச் சுனையும் கண்மாயும், சமணப் படுக்கை, தமிழ்ப் பிராமி எழுத்து, ராஜாளிப் பறவைகள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலும் சேர்த்து 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக மாநில அரசு அறிவித்தது. இரண்டு வருடம் கழித்து 2024 நவம்பர் 7ல், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பிளாக் ஏலத்தில் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானதாக மத்திய சுரங்க அமைச்சகம் அறிவித்தது. பரப்பு 20.16 சதுர கிலோமீட்டர், அந்தப் பல்லுயிர்த் தலமும் அதற்குள். டிசம்பர் 9ல் பேரவையில் ஒருமனதாகத் தீர்மானம். 2025 ஜனவரி 7ல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தலைமை அஞ்சலகத்துக்குப் பேரணி. நானும் போனேன், முழங்கால் வலியோடு கொஞ்ச தூரம். ஜனவரி 23ல் ஏலம் ரத்து.

ரத்தான மறுநாள் எங்கள் பக்கம் சுவரொட்டி ஒட்டாத கட்சி இல்லை. அத்தனையிலும் நன்றி, அத்தனையிலும் வெற்றி. இந்த மாதிரி நேரத்தில்தான் நோட்டு வேண்டும். தேதியை வரிசையாக எழுதினேன். 2023 ஆகஸ்டில் கனிமச் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் மத்திய அரசுக்குப் போனது. அதில் அ.தி.மு.க.வின் தம்பிதுரை மாநிலங்களவையில் ஆதரித்துப் பேசினார் என்றது தி.மு.க. அப்படி இல்லை என்றது அ.தி.மு.க. மாநிலங்களவை நடவடிக்கைக் குறிப்பு இணையத்தில் இருக்கிறது, டீக்கடையில் சண்டை போடுவதற்கு முன்னால் அதைப் படித்துவிடலாம். 2023 அக்டோபர் 3ல் அப்போதைய மாநில அமைச்சர் துரைமுருகன் மத்திய அமைச்சருக்கு எதிர்ப்புக் கடிதம் எழுதினார் என்றது மாநில அரசு. ஏல நடவடிக்கை தொடங்கிய 2024 பிப்ரவரியிலிருந்து நவம்பர் வரை மாநிலத்திடமிருந்து எதிர்ப்பே வரவில்லை என்றது மத்திய அரசு. இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை, கவனித்தீர்களா? இரண்டு தேதியும் வேறு வேறு. ஒவ்வொருவரும் தங்களுக்கு வசதியான மாதத்தைத் தூக்கிக் காட்டினார்கள். அக்டோபர் கடிதம், இத்தகைய கனிமங்களை மத்திய அரசு ஏலம் விடுவதையே எதிர்த்த கடிதம். அது மாநில உரிமைப் பிரச்சினை. நியாயமானதுதான். ஆனால் அதை மலைக்கான கணக்கில் முழுதாக வரவு வைக்க எனக்கு மனம் வரவில்லை, பாதி வைத்தேன். நீங்கள் வேறு மாதிரி வைக்கலாம். தேதியை மட்டும் மாற்றாதீர்கள்.

காலநிலை என்று வந்தால் இன்னொரு பழக்கம் வேண்டும். சுற்றுச்சூழல் துறைக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கக் கூடாது. 2021ல் அந்தத் துறையின் பெயரிலேயே 'காலநிலை மாற்றம்' சேர்ந்தது. 2022ல் காலநிலை இயக்கம், முதலமைச்சர் தலைமையில் ஆட்சிமன்றக் குழு, அதே ஆண்டு செப்டம்பர் 24ல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம். பசுமைப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக்குவது இலக்கு. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் நமக்குக் கோடியக்கரை ஒன்றுதான் இருந்தது, 2022ல் தொடங்கி அது 20 ஆகிவிட்டது. இதெல்லாம் வரவுப் பக்கம், தாராளமாக எழுதலாம். ஆனால் புகை அந்தத் துறையின் கோப்பில் இல்லை, மின்துறையின் கோப்பில் இருக்கிறது. 2024 மார்ச்சில் வடசென்னை மூன்றாம் நிலை, 800 மெகாவாட், நிலக்கரி, திறந்து வைத்தார்கள். உடன்குடியில் 660 மெகாவாட் அலகுகள் இரண்டு, ஆட்சிகள் மாறியும் வேலை நிற்காத திட்டம். மின்துறை, தொழில்துறை, போக்குவரத்து மூன்றின் கொள்கை விளக்கக் குறிப்புகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மானியக் கோரிக்கை சமயத்தில் தமிழிலேயே வெளியாகின்றன. கொஞ்சம் தூக்கம் வரும்.

33 சதவீதம் மாதிரி இலக்கைச் சரிபார்க்க இந்திய வன அளவை நிறுவனத்தின் அறிக்கை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிறது. ஒரு எச்சரிக்கை: ஒரு ஹெக்டேருக்கு மேல் பரப்பும் பத்து சதவீதத்துக்கு மேல் மர நிழலும் இருந்தால் போதும், தோப்பும் அதில் காடாகிவிடும். தென்னந்தோப்பு கூடியதா, காடு கூடியதா என்று அந்த ஒரு எண் சொல்லாது.

பணத்துக்கு ஒரு சின்ன வித்தை. பட்ஜெட் புத்தகத்தில் ஒரே திட்டத்துக்கு மூன்று எண் இருக்கும்: வரவு செலவுத் திட்ட மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, கணக்கு. செய்தியில் வருவது முதலாவது. நீங்கள் இரண்டு வருடம் பொறுத்து மூன்றாவதைப் பாருங்கள். உண்மையில் செலவானது அதுதான். பெருந்தொகை அறிவித்த திட்டம் 'கணக்கு' பத்தியில் மெலிந்து நிற்பதைப் பார்க்கும்போது, பென்ஷன்காரனுக்கே சிரிப்பு வரும்.

நோட்டு நிரம்பிய பிறகு என்ன செய்வது என்று அண்ணன் மகன் கேட்டான். ஃபேஸ்புக்கில் போடலாம் என்றான். போடட்டும். நான் அதைக் கிராமசபைக்கு எடுத்துப் போனேன். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்துக் கூட்டம், அதற்குப் பொருத்தமான நாள் வேறு இல்லை. எம்.எல்.ஏ. எப்போதாவது வருவார், வந்தால் ஒரே கேள்வி, ஒரே தாள், ஒரே தேதி. 'அய்யா, இந்த வரத்துக்கால்வாய் பற்றித் தங்கள் கடிதம் எதுவும் வரப்பெறவில்லை என்று வட்டாட்சியர் அலுவலகம் பதில் கொடுத்திருக்கிறது, இதோ நகல்.' குரலை உயர்த்தாதீர்கள். உயர்த்தினால் 'எதிர்க்கட்சி ஆள்' என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். அவர் அந்தத் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றரை மாதம் கழித்து சர்வேயர் சங்கிலியோடு வந்தார். அளந்துவிட்டுப் போனார். கல் நடவில்லை.

அளந்த தேதியை இரண்டாம் பத்தியில் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். அளவை அறிக்கையின் நகல் கேட்டு அடுத்த மனுவும் போய்விட்டது.